உபுண்டு 22.04-லிருந்து 24.04-க்கு: டெர்மினல் வழியாக மாறுவது எப்படி?

கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை அடுத்த பதிப்புக்குக் கொண்டுபோக, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பென்டிரைவிலிருந்து புதிதாக நிறுவ வேண்டும் என்று நினைப்பவர்கள் நிறைய. அது தேவையே இல்லை. டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில், ஒரே ஒரு கட்டளை போதும். ஆனால் அந்தக் கட்டளையை அடிப்பதற்கு முன்னால் செலவிடும் ஒரு மணி நேரம்தான் கணினி நல்லபடியாக மீண்டு எழுமா என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே இந்தப் பதிவில் முன்வேலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

போனில் ஒருவருக்கு வாசித்துச் சொல்வதுபோலக் கட்டளைகளை ஒலிப்படியே எழுதுகிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். சூடோ என்றால் எஸ்-யூ-டி-ஓ (sudo), ஆப்ட் என்றால் ஏ-பி-டி (apt), எல்எஸ்பி_ரிலீஸ் என்றால் lsb_release, டிஎஃப் என்றால் df, டிபிகேஜி என்றால் dpkg. இடைவெளியும் கோடுகளும் நான் காட்டியிருக்கும் இடங்களில் அப்படியே வர வேண்டும்.

முதலில், இப்போது இருப்பது எந்தப் பதிப்பு?

கன்ட்ரோல், ஆல்ட், டி (T) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் திறக்கும். அதில்:

எல்எஸ்பி_ரிலீஸ் -ஏ

22.04 என்று வந்தால் நீங்கள் இந்தப் பதிவுக்கு உரியவர். உபுண்டுவின் பதிப்பு எண் வெளியான ஆண்டையும் மாதத்தையும் குறிக்கும்: 22.04 என்பது 2022 ஏப்ரல், 24.04 என்பது 2024 ஏப்ரல். இரண்டுமே எல்டிஎஸ் எனப்படும் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள். வெளியானதிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். 20.04 என்று வந்தால் நேராக 24.04-க்குத் தாவ முடியாது. முதலில் 22.04, பிறகுதான் 24.04. பள்ளிக்கூடத் தேர்வோ அலுவலகக் கெடுவோ இருக்கும் வாரத்தில் இதைத் தொடாதீர்கள்.

கோப்புகளைப் பிரதி எடுங்கள்

படங்கள், ஆவணங்கள், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் என்று இழந்தால் திரும்பக் கிடைக்காத எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்து, அந்த டிஸ்கைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள். எடுத்த பிரதியில் இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்தும் பாருங்கள். திறக்காத பிரதி பிரதியே அல்ல.

அடுத்து, இடம் இருக்கிறதா?

டிஎஃப் -ஹெச்

வரும் பட்டியலில் கடைசி நெடுவரிசையில் வெறும் சாய்கோடு மட்டும் இருக்கும் வரிதான் உங்கள் முதன்மைப் பகிர்வு (டிஸ்கின் ஒரு பிரிவு). அதில் 15 ஜிபியாவது காலியாக இல்லாமல் நான் தொடங்குவதில்லை. பூட் என்று தனிப் பகிர்வு இருந்தால் அதையும் கவனியுங்கள். பழைய கெர்னல்கள் (இயங்குதளத்தின் மையப் பகுதிகள்) சேர்ந்து அது நிரம்பியிருக்கும். கீழே வரும் ஆட்டோரிமூவ் கட்டளை அவற்றை அகற்றும்.

பழைய பதிப்பைச் சுத்தமாக்குங்கள்

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்
சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்
சூடோ ரீபூட்

கடவுச்சொல் கேட்கும்போது நீங்கள் அடிப்பது திரையில் தெரியாது, புள்ளிகூட விழாது. அது இயல்புதான், அடித்துவிட்டு என்டர் தட்டுங்கள். முதல் கட்டளை கிடைக்கக்கூடிய மென்பொருட்களின் பட்டியலைப் புதுப்பிக்கிறது. இரண்டாவது கட்டளை 22.04-க்குள்ளேயே பாக்கியிருக்கும் திருத்தங்களை எல்லாம் போடுகிறது. இதைத் தவிர்த்தால் பின்னால் அப்கிரேட் கருவி தானே நின்று, இருக்கும் திருத்தங்களை முதலில் போடச் சொல்லும்.

‘லாக்’ (lock, பூட்டு) கிடைக்கவில்லை என்று பிழை வந்தால் பதற வேண்டாம். பின்னணியில் தானியங்கித் திருத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பத்து நிமிடம் பொறுத்து மறுபடி அடியுங்கள். லாக் கோப்பை அழித்துவிடு என்று இணையத்தில் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிறுவலை நடுவில் உடைப்பதற்குச் சமம் அது.

மின்சாரம்

லேப்டாப் என்றால் சார்ஜரில் போட்டு, பேட்டரியும் நிறைந்திருக்க வேண்டும். மேசைக் கணினி என்றால் யுபிஎஸ் கட்டாயம். என் அக்காவின் பழைய லேப்டாப்பில் பேட்டரி செத்துப்போயிருந்தது. அப்கிரேட் பாதியில் கரண்ட் போனது. மறுபடி ஆன் செய்தபோது வந்தது கறுப்புத் திரையில் வெறும் லாகின் வரி. அங்கேயே உள்நுழைந்து இந்த மூன்றையும் வரிசையாக அடித்தேன்:

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ
சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்
சூடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்

பாதியில் நின்ற பொட்டலங்களை (மென்பொருள் தொகுப்புகளை) அமைத்து முடிப்பது முதல் வரி. அறுந்த சார்புகளை, அதாவது ஒரு பொட்டலம் இயங்கத் தேவையான மற்றப் பொட்டலங்களை, சரிசெய்வது இரண்டாவது. இரண்டு மணி நேரத்தில் கணினி எழுந்துவிட்டது, அக்காவின் கோப்புகளும் பத்திரம். இந்த மூன்று வரிகளையும் ஒரு தாளில் எழுதிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். வரைகலைத் திரை வராவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போகலாம்.

இனி அந்த ஒரே கட்டளை

சூடோ டூ-ரிலீஸ்-அப்கிரேட்

டூ என்பது டி-ஓ (do). மூன்று சொற்களுக்கும் நடுவில் கோடு உண்டு, இடைவெளி இல்லை. புதிய பதிப்பு எதுவும் இல்லை என்று சொன்னால், ஈடிசி (etc) அடைவில், அதாவது கோப்புறையில், அப்டேட்-மேனேஜர் என்ற அடைவுக்குள் ரிலீஸ்-அப்கிரேட்ஸ் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். ப்ராம்ப்ட் என்ற வரியில் நெவர் என்றிருந்தால் எல்டிஎஸ் என்று மாற்றிச் சேமியுங்கள். கட்டளையோடு -டி (-d) சேர்க்கச் சொல்லும் குறிப்புகளை விட்டுவிடுங்கள். அது இன்னும் முடியாத சோதனைப் பதிப்புக்கு இழுத்துக்கொண்டு போகும்.

கருவி முதலில் கணக்குப் போடும். எத்தனை பொட்டலங்கள் மாறும், எவ்வளவு பதிவிறக்க வேண்டும் என்று காட்டிவிட்டு, தொடங்கலாமா என்று கேட்கும். பின்வாங்க விரும்பினால் இதுதான் இடம். ஒய் (Y) கொடுத்துப் பதிவிறக்கமும் முடிந்துவிட்டால் நிறுத்த முடியாது. வெளியார் களஞ்சியங்களை (உபுண்டு அல்லாத பிறர் மென்பொருள் வழங்கும் இடங்களை) கருவி தானாகவே முடக்கி வைக்கும்.

நடுவில் வரும் கேள்விகளில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ஓர் அமைப்புக் கோப்பு மாற்றப்பட்டிருக்கிறது, புதியதைப் போடவா, பழையதை வைக்கவா என்று கேட்கும். ஒய் என்றால் புதியது. என் (N) என்றால் பழையது. ஒன்றும் அடிக்காமல் என்டர் தட்டினால் பழையதே நிற்கும். டி (D) அழுத்தினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும். பார்த்து முடித்ததும் க்யூ அழுத்தி வெளியே வாருங்கள். என் வழக்கம் இது: அந்தக் கோப்பை நானே திருத்திய ஞாபகம் இருந்தால் என் (N), பெயரே பரிச்சயமில்லை என்றால் ஒய். எதைத் தேர்ந்தாலும் மற்றது டிபிகேஜி-ஓல்ட் அல்லது டிபிகேஜி-டிஸ்ட் என்ற பின்னொட்டோடு பக்கத்திலேயே இருக்கும். ஆகவே தவறாக அழுத்திவிட்டாலும் மீட்க வழி உண்டு.

கேள்விக்காகக் காத்து நிற்கும் திரை செயலிழந்த மாதிரியே தெரியும். ஆகவே கணினியை விட்டு வெகுநேரம் விலகாதீர்கள். கடைசியில் வழக்கொழிந்த பொட்டலங்களை நீக்கவா என்று கேட்கும். பட்டியலைப் பார்த்துவிட்டு ஒய். பிறகு ரீஸ்டார்ட்.

எழுந்த பிறகு

பதிப்பு பார்க்கும் கட்டளையை மறுபடி அடியுங்கள். 24.04, அதன் செல்லப்பெயரான நோபிள் என்று வர வேண்டும். வைஃபை, ஒலி, பிரின்டர், தமிழ் விசைப்பலகை எல்லாவற்றையும் ஒருமுறை சோதியுங்கள். முடக்கப்பட்ட களஞ்சியங்களை ஒவ்வொன்றாக, நோபிளுக்கு ஆதரவு வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மட்டுமே இயக்குங்கள். பைத்தான் எழுதுபவர்களுக்கு ஒரு சொல்: 3.10 இப்போது 3.12 ஆகியிருக்கும். பழைய மெய்நிகர்ச் சூழல்களை அழித்துப் புதிதாக உருவாக்கிக்கொள்ளுங்கள்.

ஏதாவது ஒன்று வேலை செய்யவில்லை என்றால், வார் (var) அடைவில் லாக் (log) அடைவுக்குள் டிஸ்ட்-அப்கிரேட் என்று ஓர் அடைவு இருக்கும். அப்கிரேட்டின்போது நடந்ததெல்லாம் அங்கே பதிவாகியிருக்கும். யாரிடமாவது உதவி கேட்பதாக இருந்தால் அந்தக் கோப்புகளையும் சேர்த்தே அனுப்புங்கள்.