லாக் ஃபைலை அழித்தும் டிஸ்க் காலியாகவில்லையா?

லினக்ஸ் சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டதென்று 40 ஜிபி லாக் ஃபைலை (புரோகிராம்கள் பதிவுகளை எழுதிவைக்கும் ஃபைல்) ஆர்எம் என்ற அழிக்கும் கமாண்டைப் போட்டு அழித்தாயிற்று. ஆனாலும் டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்லும் டிஎஃப் கமாண்ட் அதே 100% காட்டுகிறது. ஃபைல்களின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ கமாண்டின் கணக்கிலோ அந்த 40 ஜிபியைக் காணோம். நானும் ஒருமுறை நடுராத்திரியில் இப்படி முழித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

விஷயம் இதுதான்: ஏதோ ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) அந்த ஃபைலை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. பெயர்தான் போனது, இடம் போகவில்லை. ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள அட்மின் கணக்கில்) நுழைந்து, திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கமாண்டுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, பிளஸ், பெரிய எல், 1 மூன்றையும் தங்களுக்குள் இடைவெளி விடாமல் சேர்த்துக் கொடுங்கள். அழித்தும் மூடாத ஃபைல்கள், பிடித்துவைத்திருக்கும் புராசஸின் எண்ணோடு வரும். அந்த சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதும். சர்வரை ரீபூட் செய்ய வேண்டாம்.

அப்புறம், ஓடிக்கொண்டிருக்கும் லாகை அழிக்காதீர்கள். ட்ரங்கேட் கமாண்டில் மைனஸ் எஸ், 0, ஃபைல் பெயர் கொடுத்தால் ஃபைல் இருக்கும், உள்ளே மட்டும் காலியாகும்.