காரை வைத்துக் கடலை அளக்காதீர்கள்: தீவகப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பகல் கடந்த வேளையில், குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றிருந்தேன். கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம், நெடுந்தீவுப் படகு புறப்பட்டுவிட்டது என்பதை நம்ப மறுத்து, கைப்பேசியில் இருந்த வரைபடத்தைப் படகுக்காரரிடம் நீட்டிக்கொண்டிருந்தது. "இதிலை பத்துக் கிலோமீற்றர்தானே காட்டுது அண்ணை" என்று அந்தக் குடும்பத்து இளைஞர் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் அதே துறையில் நின்று அதே கேள்வியைக் கேட்டவன் நான்தான்.

அதன் பிறகு உறவினர்களையும் நண்பர்களையும் அழைத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்துத் தீவுக்கூட்டமான தீவகத்துக்குப் பலமுறை போய் வந்திருக்கிறேன். எனக்குப் பழகிப்போன பிழைகளைப் புதியவர்கள் ஒவ்வொரு விடுமுறையிலும் மறுபடி செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன். தொப்பி கொண்டு போங்கள், தண்ணீர்ப் போத்தலை மறக்காதீர்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அவற்றை யாழ்ப்பாணத்து வெயில் முதல் அரைமணி நேரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடும்.

காரின் கணக்கில் தீவுகளை அடுக்குவது

தீவகம் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது உண்மையில் இரண்டு வகையான இடங்களைக் கொண்டது. கடலின் ஊடே போட்ட வீதியான பண்ணைத் தாம்போதியைக் கடந்தால் வேலணை, அங்கிருந்து இன்னொரு நீண்ட தாம்போதியைக் கடந்தால் புங்குடுதீவு, மறுபுறத்தில் பொன்னாலைத் தாம்போதி வழியாகக் காரைநகர் என, சில தீவுகளுக்கு வாகனத்தை விட்டு இறங்காமலே போய்விடலாம். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றுக்குப் படகு இல்லாமல் போக முடியாது. யாழ்ப்பாண நகரிலிருந்து புங்குடுதீவின் மேற்கு ஓரத்தில் உள்ள குறிகட்டுவானுக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். இருபுறமும் கடல்நீர் தளும்ப, கம்பு நட்டுக் கட்டிய மீன்வலைகளையும் பருவகாலத்தில் பூநாரைகளையும் பார்த்தபடி ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். அதுவரை தூரம்தான் நேரம். இறங்குதுறையில் கால் வைத்த கணத்திலிருந்து தூரத்துக்குப் பொருள் இல்லை. படகு எப்போது புறப்படும், அதில் இடம் இருக்குமா, திரும்பி வருவதற்கு எது கடைசிப் படகு என்பவையே அதன் பின்னர் உங்கள் நாளைத் தீர்மானிக்கும்.

இதை அறியாமல் நான் வகுத்த திட்டத்தை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. கனடாவிலிருந்து சித்தப்பாவின் குடும்பம் வந்திருந்தது. காலையில் நயினாதீவு, மதியம் நெடுந்தீவு, மாலையில் காரைநகர்க் கசூரினா கடற்கரையில் குளியல் என்று ஒரு தாளில் நிமிடக் கணக்கோடு எழுதி, மூன்று நாளுக்கு ஓட்டுநரோடு ஒரு வானையும் வாடகைக்குப் பிடித்திருந்தேன். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குக் கடலில் இருபது நிமிடம்கூட ஆகாது என்பது சரிதான். ஆனால், படகு நிரம்பும்வரை நாற்பது நிமிடம் அதற்குள்ளே வேர்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது என் தாளில் இல்லை. நாகபூசணி அம்மனின் மதியப் பூசையைக் காணாமல் வரமாட்டேன் என்று சித்தி சொன்னதும் இல்லை. அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானத்துக்கு அமர்ந்தவர்களை 'எழும்புங்கோ, நேரமாச்சு' என்று நான் அவசரப்படுத்திய பாவமும் அதில் இல்லை.

மீண்டும் குறிகட்டுவானுக்கு வந்தபோது நெடுந்தீவுக்கான வழமைப் படகு போய்விட்டிருந்தது. திட்டத்தைக் கைவிட மனமின்றி, தனிப்படகு ஒன்றை நான் இன்றுவரை வீட்டில் சொல்லாத ஒரு தொகைக்குப் பேசினேன். உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் கடலில் ஆடி இறங்கியதும், காற்று எழும்புவதற்கு முன் புறப்பட வேண்டும், ஒன்றேகால் மணி நேரத்தில் துறைக்கு வந்துவிடுங்கள் என்று படகுக்காரர் சொல்லிவிட்டார். ஓட்டோவில் ஏறி, பவளக்கற்களால் கட்டப்பட்ட பழைய கோட்டையை ஓடிப் பார்த்தோம். பாவோபாப் எனப்படும் பெருக்க மரத்தின் கீழ் நின்று ஒரு படம் எடுத்தோம். தீவின் காட்டுக்குதிரைகளைப் பார்க்கவே இல்லை. திரும்பும் வழியில் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். கசூரினாவுக்குப் போவது பற்றி யாரும் பேசவில்லை. வானில் ஏறி அமர்ந்த சித்தப்பா, "தம்பி, லீவிலை வந்த எனக்கு இரட்டை ஷிப்ற் செய்த களைப்பு" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு முழுவதும் எங்கள் வான் இறங்குதுறை மரநிழலில் நின்றது. ஓட்டுநர் நன்றாக உறங்கி எழுந்திருந்தார். நாள் வாடகை, மேலதிக மணி நேரத்துக்கான கட்டணம், ஓட்டுநரின் சாப்பாடு ஆகிய மூன்றும் ஓடாத வாகனத்துக்குக் கொடுத்த பணம். அந்த வான் நயினாதீவுக்கும் வராது, நெடுந்தீவுக்கும் வராது என்பது தெரிந்திருந்தும், 'வாகனம் கையில் இருந்தால் வசதி' என்ற பழக்க எண்ணத்தில் அதை மூன்று நாளுக்கும் பிடித்துவைத்தேன். படகில் கழியும் நாள்களில் வாகனத்தை விட்டுவிடுங்கள். துறையில் இறக்கிவிட ஒரு பயணம், மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஏற்றிப்போக ஒரு பயணம் என்று தனித்தனியாகப் பேசினால் செலவு வெகுவாகக் குறையும். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான்வரை பேருந்தும் ஓடுகிறது.

படகு நேரங்களை வெளியூரார் புரிந்துகொள்ளத் தவறுவதற்கு ஒரு காரணம் உண்டு. நெடுந்தீவுப் படகு சுற்றுலாவுக்காக ஓடுவதில்லை; அது அந்த மக்களின் பேருந்து. பாடசாலைக்கு வரும் ஆசிரியர்கள், அரசாங்க அலுவலர்கள், மருத்துவமனைக்குப் போகும் முதியவர்கள், கடைக்கான அரிசி மூட்டைகள், எரிவாயு உருளைகள் ஆகியவற்றின் தேவைக்கு ஏற்பவே அதன் நேரம் அமைகிறது. ஒரு நாளில் ஓடும் படகுகளின் எண்ணிக்கையும் சிலவே. கடலின் நிலைக்கேற்ப நேரமும் மாறும். ஆகையால் எப்போதோ யாரோ எழுதிவைத்த நேர அட்டவணையை நம்பாமல், தீவில் தங்கப்போகும் விடுதிக்காரரிடம் முதல்நாள் மாலை தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். தீவில் இறங்கியதும், வேறு எதையும் பார்ப்பதற்கு முன், திரும்பும் படகின் நேரத்தைத் துறையிலேயே உறுதிசெய்யுங்கள்.

படகில் போகும் தீவு ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு நாள் என்பது இப்போது நான் விட்டுக்கொடுக்காத கணக்கு. நெடுந்தீவுக்கு அதுவும் போதாது. காலைப் படகில் போய் ஓர் இரவு தங்க வேண்டும். பகல் பயணிகள் அனைவரும் திரும்பிய பிறகுதான் அந்தத் தீவு தன் இயல்புக்கு வருகிறது. வீதியோரம் முழுவதும் சாந்து இல்லாமல் அடுக்கிய பவளக்கல் மதில்கள் மாலை வெளிச்சத்தில் நிறம் மாறுவதையும், ஐரோப்பியர் காலத்திலிருந்து காட்டில் பெருகிய குதிரைகள் புல்வெளியில் கூட்டமாக நிற்பதையும் அவசரமில்லாமல் பார்க்கலாம். சைக்கிள் ஒன்றை இரவல் வாங்கினால் ஓட்டோவும் தேவைப்படாது. நான் குதிரைகளை முதன்முதலாகப் பார்த்தது நான்காம் பயணத்தில். அதுவும் தேடிப் போகாமல், விடியற்காலையில் நடந்துகொண்டிருந்தபோது.

'பாதை'யை நம்பி வழி வகுப்பது

வேலணைத் தீவில் உள்ள ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓடுவதைப் 'பாதை' என்கிறோம். வெளியூரார் இச்சொல்லைக் கேட்டு அங்கே வீதி இருப்பதாக எண்ணிவிடுகிறார்கள். அது மிதந்து செல்லும் ஒரு தட்டு. சில நிமிடக் கடப்புத்தான். நடுக்கடலில் நிற்கும் ஹமன்ஹீல் கோட்டையை ஓரமாகப் பார்த்துக்கொண்டு போவதால், தீவகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பயணமும் அதுவே. (இலங்கையின் வடிவத்தைப் பன்றித்தொடைக்கு ஒப்பிட்ட ஒல்லாந்தர், அதன் குதிக்கால் இருக்கும் இடம் இது என்று கருதி வைத்த பெயராம். கடலில் மாதக்கணக்கில் வந்தவர்களுக்கு நிலமெல்லாம் சாப்பாடாகத் தெரிந்திருக்கிறது.) ஆனால், பாதை பழுதடைவதும் காற்றுக்கு நிறுத்தப்படுவதும் புதிதல்ல. அன்றைக்கு அது ஓடுகிறதா, உங்கள் வாகனத்தை ஏற்றுமா என்ற இரண்டையும் புறப்படும் முன்பே கேட்டறியுங்கள். இல்லையென்றால் ஊர்காவற்றுறைத் துறைவரை போய்விட்டு, எதிரே கண்ணுக்குத் தெரியும் காரைநகரை அடைய யாழ்ப்பாணம் திரும்பி, பொன்னாலை வழியாக ஏறத்தாழ 40 கிலோமீற்றர் சுற்ற வேண்டிவரும். நான் ஒருமுறை சுற்றியிருக்கிறேன். எரிபொருள் முள் சிவப்பைத் தொட்டிருந்த நாள் அது.

துறை மாறிப் போவது

எழுவைதீவுக்குப் போக ஊர்காவற்றுறைக்கு வாருங்கள், குறிகட்டுவானில் காத்திருக்காதீர்கள்.

பெயரில் தடுமாறுவது

ஒல்லாந்தர் தம் ஊர்களின் பெயர்களை இத்தீவுகளுக்கும் வைத்தனர்: வேலணை லெய்டன் ஆனது, புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், காரைதீவு (இன்றைய காரைநகர்) அம்ஸ்ரர்டாம். அவற்றுள் நெடுந்தீவுக்கு வைத்த 'டெல்வ்ற்' மட்டுமே இன்றும் புழக்கத்தில் நிற்கிறது. விடுதிப் பதிவுகளில் டெல்வ்ற் என்றும் துறையில் நெடுந்தீவு என்றும் கேட்டுக் குழம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன், இரண்டும் ஒன்றே.

திருவிழாவில் அமைதி தேடுவது

ஆனி மாதத்தில் நயினாதீவு அம்மன் திருவிழா நடக்கும் நாள்களில் பக்திக்காகப் போவதென்றால் தாராளமாகப் போங்கள். அந்தக் கூட்டத்துக்கு ஒரு தனி அழகு உண்டு. ஓய்வுக்காகப் போகிறவர்கள் அந்த வாரங்களைத் தவிர்க்க வேண்டும். நாகவிகாரை என்ற பௌத்த ஆலயமும் அதே தீவில் இருப்பதால், போயா எனும் பௌர்ணமி நாள்களிலும் நீண்ட வார இறுதிகளிலும் தென்னிலங்கையிலிருந்து பேருந்து பேருந்தாக யாத்திரிகர்கள் வருவார்கள். படகு வரிசை துறையைத் தாண்டி வீதிக்கு நீளும். செவ்வாய், புதன்கிழமைகளில் போனால் அதே படகில் காலை நீட்டி உட்காரலாம்.

நெடுந்தீவில் மதியச் சாப்பாடு

முதல்நாளே விடுதிக்காரரிடம் சொல்லிவையுங்கள்.

சோழகத்தை அலட்சியப்படுத்துவது

வெளிநாட்டிலிருந்து வருவோரின் பாடசாலை விடுமுறை ஆடி, ஆவணியில் வருகிறது. தென்மேற்கிலிருந்து வரும் சோழகக் காற்றும் அப்போதுதான் அடிக்கிறது. தாம்போதியில் காருக்குள் இருக்கும்போது அது இதமான காற்றாகத் தோன்றும். நெடுந்தீவுக் கடலில் அதே காற்று படகின் பக்கவாட்டில் மோதி நீரை உள்ளே வாரி இறைக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழையும் வாடைக்காற்றும் படகைத் தடுக்கும். பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஆடியில்தான் வர முடியும் என்றால் காலைப் படகையே பிடியுங்கள், மேல்தட்டில் உட்கார ஆசைப்படாதீர்கள், உயிர்காப்பு அங்கியைத் தலையணையாகப் பயன்படுத்தாமல் அணிந்துகொள்ளுங்கள். கடல்கடந்த கூட்டம் என்று பெருமை பேசிய என் மைத்துனர் அதைத் தலைக்கு வைத்துப் படுத்தார். அரை மணி நேரம் கழித்து அவரே அதன் நாடாவைக் கட்டித்தரும்படி கேட்டார்.

கடைசி நாளைக் கடலுக்கு அப்பால் வைப்பது

மிகச் சிறந்த இடத்தைக் கடைசிக்கு வைத்திருப்போம் என்ற ஆசையில் நெடுந்தீவைப் பயணத்தின் இறுதியில் வைக்கிறார்கள். காற்று எழும்பிப் படகை நிறுத்தினால், அன்றிரவு கொழும்புக்குப் பதிவுசெய்த புகையிரத ஆசனம் வீணாகும். அதற்கு அடுத்த நாள் விமானம் என்றால் சொல்லவே வேண்டாம். எங்கள் நண்பர் ஒருவர் துறையில் நின்று, கடலைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக ஒரு முழு மாலையைக் கழித்தார். படகு மறுநாள் காலையில்தான் புறப்பட்டது.

ஆகையால் நெடுந்தீவை நான் இப்போது முதலில் வைக்கிறேன், அடுத்து நயினாதீவு, இறுதி இரவு காரைநகர். கசூரினாவில் கடல் வெகுதூரம்வரை ஆழமில்லாமல் இருப்பதால் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கரையில் அமர்ந்திருக்கலாம். அங்கே காற்று எப்படி அடித்தாலும், பொன்னாலைத் தாம்போதி வழியாகக் காரில் முக்கால் மணி நேரத்தில் யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்துக்கு வந்துவிடலாம்.