ஹோம் தியேட்டர் செட்டிங்ஸ்: பேஸ் பட்டனைத் தொடுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேச்சு கேட்கவில்லை என்று வால்யூமைக் கூட்டினால், அடுத்த சண்டைக் காட்சியில் ஷோகேஸ் கண்ணாடி கடகடக்கிறது. குறைத்தால் மறுபடி பேச்சு போய்விடுகிறது. மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய அசெம்பிள்டு செட் ஆனாலும், பெரிய கம்பெனி ஏவி ரிசீவர் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) ஆனாலும் புகார் இதுதான். செட் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். மெனுவில் நாலைந்து இடங்களில் தப்பான எண் உட்கார்ந்திருக்கும். அதை விட்டுவிட்டு பேஸ் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தால் சரியாகாது. பேஸ், ட்ரெபிள் எல்லாம் கடைசியாகத் தொட வேண்டியவை.

முதலில், ரிசீவருக்குள் 5.1 வந்து சேருகிறதா என்று பாருங்கள். 5.1 என்றால் முன்னால் இடது, வலது, நடுவில் செண்டர், பின்னால் இரண்டு சரவுண்ட், அடிமட்ட ஒலிக்குச் சப்வூஃபர் என்று ஆறு தனிச் சேனல். டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து சிவப்பு, வெள்ளை பின் வயரில் எடுத்தால் வருவது இரண்டே சேனல். பின்னால் கேட்பது ஆம்ப் தானாகப் பிரித்துக் கொடுப்பது. எச்டிஎம்ஐ கேபிள் என்றால் டிவியில் ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று எழுதியிருக்கும் துளையில் ஒரு முனை, ரிசீவரில் ‘அவுட்’ துளையில் மறு முனை. ரிசீவரின் ‘இன்’ துளையில் சொருகிவிட்டு டிவி சத்தம் வரவில்லை என்று தேடுகிறவர்கள் நிறைய. அடுத்து டிவியின் சவுண்ட் மெனுவில் டிஜிட்டல் அவுட்புட் ‘பிசிஎம்’ (ஏஆர்சியில் இரண்டு சேனலாகவே அனுப்புவது) என்று இருந்தால் ‘ஆட்டோ’ அல்லது ‘பாஸ் த்ரூ’ ஆக்குங்கள். சாம்சங்கில் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று வரும் சிஇசி வசதியும் (டிவியும் ரிசீவரும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவது) ஆனில் இருக்கட்டும். இவ்வளவும் சரி என்றால், 5.1-இல் வரும் படத்தைப் போட்டதும் ரிசீவர் முகப்பில் ‘டால்பி டிஜிட்டல்’ அல்லது ‘டால்பி டிஜிட்டல் பிளஸ்’ என்று எழுத்து வரும். ‘ஸ்டீரியோ’ என்றே நின்றால் மெனுவில் மேற்கொண்டு எதைத் திருகியும் பயனில்லை. யூடியூப் பாட்டும் பழைய படங்களும் பெரும்பாலும் ஸ்டீரியோதான். அவற்றை வைத்து சரவுண்டைச் சோதிக்காதீர்கள்.

அசெம்பிள்டு செட்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே புரோலாஜிக் போர்டு மட்டும் இருந்தால் இடது, வலது இரண்டையும் கூட்டி செண்டருக்கும், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து சரவுண்டுக்கும் அனுப்பும். அது மோசம் என்று சொல்ல மாட்டோம், ஆனால் 5.1 அல்ல. ஆப்டிகல் அல்லது எச்டிஎம்ஐ துளையுள்ள டிகோடர் போர்டு போட்டால்தான் ஆறு சேனலும் தனித்தனியாகப் பிரியும்.

அடுத்தது ஸ்பீக்கர் சைஸ். மெனுவில் ‘லார்ஜ்’, ‘ஸ்மால்’ என்று கேட்கும். நம்முடையது பெரிய ஸ்பீக்கராயிற்றே என்று ‘லார்ஜ்’ போட்டுவிடுவது மிகச் சாதாரணமான தவறு. அந்தச் சொல் பெட்டியின் உயரத்தைக் கேட்கவில்லை. அடிமட்ட ஒலியை இந்த ஸ்பீக்கரே வாசிக்கட்டுமா, சப்வூஃபருக்கு அனுப்பட்டுமா என்றுதான் கேட்கிறது. மூன்று அங்குலக் கோன் 40 ஹெர்ட்ஸை வாசிக்க முடியாது, திணறும். சப்வூஃபரோ தனக்கென்று வரும் எல்எஃப்இ சேனலை மட்டும் வாசித்துவிட்டுச் சும்மா இருக்கும். எல்லா ஸ்பீக்கரையும் ‘ஸ்மால்’ ஆக்கி கிராஸ்ஓவரை (எதற்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். கைக்கு அடக்கமான சாட்டிலைட் ஸ்பீக்கர் என்றால் 120 அல்லது 150. ரிசீவரின் ஆட்டோ செட்டப் (மைக் வைத்துத் தானே அளந்து சரிசெய்வது) டவர் ஸ்பீக்கரை ‘லார்ஜ்’ என்று முடிவு செய்திருந்தாலும் கையால் மாற்றலாம். சப்வூஃபரின் முதுகிலும் கிராஸ்ஓவர் திருகு ஒன்று இருக்கும். ரிசீவரே பிரித்துக் கொடுக்கும்போது அதை உச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள், அல்லது ‘எல்எஃப்இ’ நிலையில் வையுங்கள். இரண்டு இடத்தில் வடிகட்டினால் நடுவில் ஒரு பள்ளம் விழும். ஆண் குரல் சோகையாகிவிடும்.

டிஸ்டன்ஸ் என்ற இடத்தில் பெரிய எண் போட்டால் சத்தம் விரிவாக வரும் என்பது தவறான எண்ணம். உட்காரும் இடத்தில் காது இருக்கும் புள்ளியிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் டேப் பிடித்து, வருகிற அளவை அப்படியே போடுங்கள். ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது. கிட்ட இருக்கும் ஸ்பீக்கரை ரிசீவர் அதற்கேற்பத் தாமதிக்கிறது. மூன்றடி தப்பாகப் போட்டால் கிட்டத்தட்ட மூன்று மில்லி விநாடி வித்தியாசம். திரையின் நடுவில் இருக்க வேண்டிய பாட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். ஒரு விதிவிலக்கு உண்டு. ஆட்டோ செட்டப் முடிந்தபின் சப்வூஃபர் தூரம் மட்டும் நிஜத்தைவிட அதிகமாகக் காட்டலாம். சப்வூஃபருக்குள் இருக்கும் சர்க்யூட்டின் தாமதத்தையும் அது சேர்த்து எண்ணியிருக்கிறது. டேப்பை வைத்துக்கொண்டு அதைத் ‘திருத்த’ வேண்டாம்.

ஆட்டோ செட்டப் மைக்கை சோபாவின் மேல் போட்டுவிட்டு நகர்வதும் தவறுதான். மெத்தை ஒலியை உறிஞ்சிவிடும், அளவு பொய்யாகும். கேமரா ஸ்டாண்டில், உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில், மைக் கூரையைப் பார்க்க நிற்கட்டும். ஃபேன், ஏசி ஆஃப். மதுரை வெயிலில் மதியம் ஃபேனை நிறுத்தி இருபது நிமிடம் நிற்க யாராலும் ஆகாது. தெருவில் ஆட்டோ ஓய்ந்த ராத்திரி பதினொன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். தொடங்குமுன் சப்வூஃபரின் வால்யூம் திருகு பாதியில் இருக்கட்டும். முடிவில் சப்வூஃபர் லெவல் -12 என்று அடிமட்டத்தில் போய் முட்டியிருந்தால், திருகு அதிகம் என்று பொருள். குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

கையால் லெவல் வைப்பவர்கள் ரிசீவர் தரும் சோதனை ஒலியான டெஸ்ட் டோனை ஓடவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கரும் உட்காரும் இடத்தில் 75 டெசிபல் காட்டும்படி சமன் செய்யலாம். செல்போன் செயலி ஒன்றோடொன்று ஒப்பிடப் போதும். சப்வூஃபருக்கு மட்டும் அதை நம்பாதீர்கள். போன் மைக்குக்கு அடிமட்ட ஒலி சரியாகக் கேட்காது. பரணுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டிய சரவுண்டை எந்த லெவலும் காப்பாற்றாது. காதுக்கு ஓரடி, இரண்டடி மேலே, பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோ இறக்கி மாட்டுங்கள்.

இனி சப்வூஃபர். அதிகக் குழப்பம் இங்கேதான். பலர் தியேட்டருக்கென்று ஒதுக்குவது பத்துக்குப் பத்து அறை, கூரையும் பத்தடி. பத்தடிக்குள் அரை அலை கச்சிதமாக அடங்குவது சுமார் 56 ஹெர்ட்ஸில். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றே என்பதால் அந்த ஒரே சுருதி மூன்று திசையிலும் எழும்புகிறது. டிரம்ஸ் ஆனாலும் லாரி ஆனாலும் ஒரே ‘தொம்’. சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அது வீங்கும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அதே ஒலி காணாமல் போகும். நடுவில் இருப்பவர் பேஸ் போதவில்லை என்று ஏற்றுகிறார். ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தூக்கம் கெட்டு எழுகிறார். மாசி வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் நடுச்சுவர் பொது என்பதை மறந்துவிடக் கூடாது.

சப்வூஃபரை மூலையில் தள்ளினால் சத்தம் கூடும், தெளிவு குறையும். சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சப்வூஃபரைத் தூக்கி, நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள். பேஸ் கிட்டார் மேலும் கீழும் நடக்கும் பழகிய பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். சுவரோரமாகக் குனிந்து, காதை முழங்கால் உயரத்தில் வைத்து மெல்ல நகருங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுருதியும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கிறதோ, அங்கே சப்வூஃபரை வையுங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. சோபாவைப் பின்சுவரிலிருந்து மூன்று, மூன்றரை அடி முன்னால் இழுத்தால் இன்னும் நல்லது. பிறகு சப்வூஃபரின் ஃபேஸ் சுவிட்சை (அதன் ஒலியலையைத் தலைகீழாகத் திருப்புவது) 0, 180 இரண்டிலும் போட்டு, குரலும் டிரம்ஸும் எதில் கனமாக வருகிறதோ அதில் விடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பேஸ் வேண்டுமென்றால் ஓரிடத்தில் மட்டும் கூட்டுங்கள். செல்போன் ஈக்வலைசரில் கொஞ்சம், டிவியில் கொஞ்சம், ஆம்பில் கொஞ்சம் என்று ஏற்றுவதுதான் ஸ்பீக்கரைக் கொல்கிறது. 3 டெசிபல் ஏற்றினால் ஆம்ப் அந்தப் பகுதிக்கு இரண்டு மடங்கு வாட் தர வேண்டும். 6 என்றால் நான்கு மடங்கு. 10 என்றால் பத்து மடங்கு. ஐந்து வாட்டில் ஓடிக்கொண்டிருந்த சேனல் திடீரென்று ஐம்பது கேட்கும். ஆம்ப் கொடுக்க முடியாமல் அலையின் தலை வெட்டுப்பட்டு ‘கரகர’ என்று வரும். அந்தக் கரகரப்பில்தான் ட்வீட்டர் (கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கர்) போகிறது.

பேச்சுப் பிரச்சினைக்கு செண்டர் ஸ்பீக்கரைப் பாருங்கள். ஷோகேஸ் குழிக்குள், பொம்மைக்குப் பின்னால் இருந்தால் பலகையின் முன்விளிம்பு வரை இழுத்து, முகத்தைக் காது நோக்கிச் சாயுங்கள். செண்டர் லெவலில் +2 அல்லது +3 போதும். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் ‘நைட் மோடு’ போட்டால் வெடிச்சத்தம் அடங்கிப் பேச்சு மேலே வரும். டைல்ஸ் தரையில் ஒரு ஜமுக்காளம், ஜன்னலில் கனத்த திரை இருந்தால் எதிரொலி குறையும். செலவு குறைவு, பலன் அதிகம்.

இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து ஒலிக்கும்போது பேஸே இல்லாமல் தகரம்போல வந்தால், ஒன்றில் சிவப்பு, கறுப்பு வயர் மாறியிருக்கலாம். ஆம்பிலிருந்து வயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்பிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு நொடி தொட்டால் வூஃபர் கோன் வெளியே தள்ள வேண்டும். உள்ளே போனால் மாற்றிப் போடுங்கள்.

உதடு அசையும் முன்பே சத்தம் வந்தால் ஆடியோ டிலேயை 20, 20 மில்லி விநாடியாகக் கூட்டுங்கள். சத்தம் பின்னால் வந்தால் டிலே உதவாது. டிலே ஒலியை மேலும் தள்ளத்தான் செய்யும். அப்போது டிவி ஆடியோவை ‘பாஸ் த்ரூ’ ஆக்குங்கள், அல்லது செட்டாப் பாக்ஸை நேராக ரிசீவரிலேயே சொருகுங்கள். முடித்ததும் மெனுவின் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். வீட்டில் யாராவது ரீசெட்டை அமுக்கினால் மறுபடி ராத்திரி பதினொன்று வரை காத்திருக்க வேண்டாம்.