கூழாங்கல் கடற்கரையில் நீந்துவது: இறங்குவதைவிடக் கரையேறுவதைப் பழகுங்கள்

மணற்கரையில் பல வருடம் நீந்திய தைரியத்தில் முதன்முறை கூழாங்கல் கரையில் இறங்கினேன். இறங்கியபோது ஒரு சிரமமும் இல்லை. திரும்பும்போது அலை காலை வாரிக் கற்களின்மேல் புரட்டி, மீண்டும் உள்ளே இழுத்தது. மூன்று முறை முயன்றுதான் கரையேறினேன். முழங்கால்கள் இரண்டும் கிழிந்திருந்தன. ஆகவே இந்த விளக்கத்தில் கரையேறுவதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. பத்து நிமிடம் கரையில் நில்லுங்கள்

மணற்கரை மெல்லச் சரியும். கூழாங்கல் கரை பெரும்பாலும் சட்டென்று இறங்கிவிடும். சில எட்டுகளிலேயே கால் எட்டாமல் போகும். அதனால் அலை தொலைவிலேயே உடைந்து வலுவிழப்பதில்லை, கரைமீதே மொத்தமாகக் கவிழ்கிறது. கண்ணோடு காதையும் பயன்படுத்துங்கள். அலை பின்வாங்கும்போது கற்கள் கடகடவென்று உருண்டால் இழுப்பு பலமாக இருக்கிறது என்று பொருள். அலை முழங்காலுக்கு மேல் எழும்பிக் கவிழும் நாளில் நான் இறங்குவதில்லை.

உயிர்காப்பாளர் இருக்கும் கரையையே தேர்ந்தெடுங்கள். பல நாடுகளில் சிவப்பும் மஞ்சளுமான இரு கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதியைத்தான் அவர்கள் கண்காணிப்பார்கள். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே கூடாது.

2. காலணி

தடித்த ரப்பர் அடிப்பாகம் கொண்ட, கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் நியோபிரீன் (நீரில் அணிய ஏற்ற, நெகிழும் செயற்கை ரப்பர்) காலணி வாங்குங்கள். வார்ச்செருப்பு வேண்டாம், முதல் அலையிலேயே கழன்றுவிடும். இடுப்பில் கட்டும் பளிச்சென்ற நிற மிதவையும் நல்லது. ஆனால் அது உங்களைப் பிறர் கண்ணில் படவைக்கும் பொருள், உயிர்காப்புச் சட்டை அல்ல.

3. இறங்குதல்

தலைகீழாகப் பாயாதீர்கள். பெரிய அலைகள் ஓய்ந்த இடைவெளியில் நடந்து இறங்குங்கள். தண்ணீர் 15 டிகிரி செல்சியசுக்குக் குறைவாக இருந்தால் மூச்சு தானாகத் திணறும். அப்போது நீந்த முயலாமல் மல்லாந்து மிதந்தால் ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். பிறகு கரைக்கு இணையாக நீந்துங்கள்.

4. கரையேறுதல்

நான் செய்த தவறு, கால் தரை தட்டியதும் எழுந்து நின்றது. பின்வாங்கும் நீர் காலடிக் கற்களையே உருட்டிக்கொண்டு போகும்போது, நிற்பதற்குத் தரை ஏது? கூடவே, கடலுக்கு முதுகைக் காட்டியிருந்தேன்.

இப்போது செய்வது இதுதான். அலை கவிழும் இடத்துக்குச் சற்று வெளியே மிதந்தபடி காத்திருக்கிறேன். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு சிறியவை வரும். கூட்டத்தின் கடைசி அலை என்னைக் கடந்ததும் அதன் பின்னாலேயே வேகமாக நீந்துகிறேன். கை கல்லில் பட்டதும் எழாமல், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்கிறேன். நீர் பின்வாங்கினால் உடலைத் தாழ்த்திக் கற்களில் விரல்களைப் புதைத்துக்கொள்கிறேன். அடுத்த அலை தள்ளும்போது மீண்டும் மேலே. ஈரக்கற்களைத் தாண்டிய பிறகுதான் எழுந்து நிற்கிறேன். அமைதியான நாளில் இடுப்பளவு நீரில் இதை நாலைந்து முறை பழகுங்கள்.

பின்சேர்க்கை: கற்களைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய தடுப்புச் சுவரைப் பிடித்து ஏறலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வேண்டாம். அதை ஒட்டி நீர் கடலுக்குள் ஓடுவதுண்டு; அலை உங்களைச் சுவரில் மோதவும் செய்யும். அப்படி ஓடும் நீரில் சிக்கினால் எதிர்த்து நீந்தாமல், சுவரைவிட்டு விலகும் திசையில் கரைக்கு இணையாக நீந்தி வெளியேறுங்கள். முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள்.

இன்னொருவர் வெளியே வந்த பிறகே நடுக்கம் கூடியதாக எழுதியிருந்தார். குளிர்ந்த நீரிலிருந்து வந்த பின்னும் உடல் வெப்பம் சிறிது நேரம் இறங்கும். துண்டையும் உலர்ந்த உடையையும் கடல் ஏற்றத்தின்போதும் நீர் எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு இறங்குங்கள்.