பிளேட் ரன்னர் க்ளைமாக்ஸ்: எல்லாரும் பண்ற சில தப்பு

ரிட்லி ஸ்காட் எடுத்த பிளேட் ரன்னர் படத்த பத்தி பேச்செடுத்தாலே, தப்பிச்சு வந்த ரெப்ளிகண்டுகள (மனுஷன் மாதிரியே செயற்கையா உருவாக்கின அடிமைங்க) வேட்டையாடற ஹீரோ டெக்கார்டே மனுஷனா ரெப்ளிகண்டான்னு சண்டை ஆரம்பிச்சிடும். யார் எந்த வெர்ஷன் பாத்தோம்னு சொல்லாமலே பேசறது தான் இதுல பெரிய தப்பு. 1982ல தியேட்டருக்கு வந்ததுல டெக்கார்டா நடிச்ச ஹாரிசன் ஃபோர்டோட வாய்ஸ் ஓவர் இருக்கும், கடைசில டெக்கார்டும் அவன் காதலிக்கற ரெப்ளிகண்ட் ரேச்சலும் பச்சைப்பசேல்னு இருக்கற ஊர்ப்பக்கம் கார்ல போயிடுவாங்க (மேல இருந்து எடுத்த அந்த மலை ஷாட் எல்லாம் டைரக்டர் குப்ரிக் தன்னோட தி ஷைனிங் படத்துக்காக எடுத்து மிச்சம் இருந்தது). 1992 டைரக்டர்ஸ் கட்ல அது ரெண்டையும் தூக்கிட்டு, டெக்கார்ட் பியானோ முன்னாடி உக்காந்திருக்கறப்ப ஒரு யூனிகார்ன் (ஒத்தைக் கொம்பு குதிரை) ஓடி வர்ற கனவ சேத்தாங்க, 2007 ஃபைனல் கட்லயும் அது இருக்கு.

அந்த சில செகண்ட் ஷாட்டால முடிவே மாறிடுது. வீட்ட விட்டு கிளம்பறப்ப ரேச்சல் கால்ல ஒரு குட்டி யூனிகார்ன் தட்டும், டெக்கார்ட் கூட வர்ற போலீஸ்காரன் காஃப் பேப்பர்ல மடிச்சு போட்டுட்டு போனது. 1982 படத்துல அதுக்கு அர்த்தம் சிம்பிள், காஃப் வந்திருக்கான், ரேச்சல பாத்தும் கொல்லாம விட்டுட்டான். ஆனா கனவு இருக்கற வெர்ஷன்ல, டெக்கார்ட் மனசுக்குள்ள வந்தது காஃபுக்கு எப்படி தெரியும்னு கேள்வி வருது. முன்னாடி ரேச்சல் யார்கிட்டயும் சொல்லாத சிலந்தி ஞாபகத்த டெக்கார்டே அவகிட்ட சொல்லி, இது உனக்கு உள்ள வச்ச ஞாபகம்னு உடைச்சிருப்பான்ல, அதே அடி இப்ப அவனுக்கு திரும்பி வருது.

அடுத்தது கணக்கு. தப்பிச்ச ரெப்ளிகண்ட் ஆறு, ஒண்ணு செத்துடுச்சுன்னு டெக்கார்டோட போலீஸ் மேலதிகாரி பிரையன்ட் சொல்வார், படத்துல நாம பாக்கறது நாலு தான், அப்ப அஞ்சாவது டெக்கார்ட்னு பல பேர் அடிச்சு சொல்வாங்க. உண்மைல அது ஸ்கிரிப்ட்ல இருந்து தூக்கின ஒரு கேரக்டரோட மிச்சம். ஃபைனல் கட்ல செத்தது ரெண்டுன்னு டயலாக்கயே சரி பண்ணிட்டாங்க.

டெக்கார்ட் ரெப்ளிகண்ட் தான்னு டைரக்டர் ரிட்லி ஸ்காட்டே சொல்லிட்டாரே, அப்புறம் என்னன்னு கேப்பாங்க. ஹாரிசன் ஃபோர்டு ரொம்ப வருஷமா மனுஷன்னு தான் வாதாடினார், 2017ல வந்த அடுத்த பாகமும் பதில் சொல்லாமயே விட்டுடுச்சு. ஸ்காட் பேட்டிய எடுத்து வச்சு 1982 வெர்ஷனுக்கு தீர்ப்பு எழுதறது நியாயமே இல்ல, அதுல கனவே கிடையாது.

எனக்கு ரொம்ப ஆதங்கமா இருக்கறது, யூனிகார்னயே புடிச்சுக்கிட்டு மொட்டை மாடி மழை சீன விட்டுடறது தான். கீழ விழப்போற டெக்கார்ட, தப்பிச்ச ரெப்ளிகண்டுகளோட தலைவன் ராய் பேட்டி கைய புடிச்சு தூக்கி போடறான். டெக்கார்ட் மனுஷன்னா, தன்ன வேட்டையாட வந்தவனுக்கே ஒரு மிஷின் உயிர்ப்பிச்சை போடுது. ரெப்ளிகண்ட்னா, தன் இனத்தையே கொல்ல அனுப்பப்பட்ட ஒரு அடிமைய இன்னொரு அடிமை காப்பாத்தறான். ரெண்டும் வேற வேற வலி. மனுஷனா இல்லையான்னு ஒத்த வார்த்தைல பதில் சொல்றவங்க, அந்த பதில் இந்த சீன என்ன பண்ணுதுன்னும் சேத்து சொல்லணும்.