வீட்டுக் கணினிக்கு நீர்க்குளிர்விப்பு: பாகங்களைத் தேர்ந்தெடுக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீர்க்குளிர்விப்பு அமைக்க விரும்புகிறவர்கள் என்னிடம் காட்டும் பாகப் பட்டியல்களில் பெரும்பாலானவை குழாயின் நிறத்திலோ நீர் தேங்கும் தொட்டியான ரிசர்வாயரின் வடிவத்திலோ தொடங்குகின்றன. நீரின் வெப்பத்தைக் காற்றில் விடும் ரேடியேட்டர் கடைசியில், மிச்சமிருக்கும் பணத்துக்குத் தக்கபடி வந்து சேர்கிறது. இந்த வரிசை அப்படியே தலைகீழாக இருக்க வேண்டும். எத்தனை வாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும், அந்த வெப்பம் போய்ச் சேரும் அறை எத்தனை டிகிரியில் இருக்கிறது என்ற இரண்டு எண்களை முதலில் காகிதத்தில் எழுதிக்கொண்டு, அவற்றிலிருந்து ரேடியேட்டரையும், ரேடியேட்டரிலிருந்து கேபினெட்டையும், அதன் பிறகே மற்றவற்றையும் முடிவு செய்ய வேண்டும். நான் இங்கே பேசுவது பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே பூட்டும் அமைப்பைப் பற்றியது. தொழிற்சாலையிலேயே நீர் நிரப்பி மூடி வரும் ஏ.ஐ.ஓ. வகைக்கு இவற்றில் சில மட்டுமே பொருந்தும்.

அறையின் வெப்பத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவது

நீர் வெப்பத்தை அழிப்பதில்லை. சிப்பின் மேலிருந்து எடுத்து, ரேடியேட்டர் வழியாக அறைக் காற்றில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்வளவுதான். ஆகவே சுழலும் நீர் ஒருபோதும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே இறங்காது. வெளிநாட்டு வழிகாட்டிகள் பலவற்றில் சொல்லப்படும் கணக்கு, 120 மி.மீ. ஃபேன் ஒன்று பொருந்தும் அளவு ரேடியேட்டர் பரப்பு ஏறத்தாழ 100 வாட்டைக் கையாளும் என்பதாகும். மிதமான ஃபேன் வேகத்தில், நீர் அறையைவிடப் பத்து டிகிரி கூடுதலாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு போட்ட கைக்கணக்கு அது. அறை 25 டிகிரியில் இருக்கும் ஊரில் நீர் 35 டிகிரியில் நிற்கும். ஏ.சி. இல்லாத நம் மாடி அறையில், கத்திரி வெயில் காலத்துப் பிற்பகலில் 38 டிகிரி என்றால், அதே அமைப்பில் நீர் 48 டிகிரியைத் தொட்டுவிடும். பம்ப்பும் சில வகைக் குழாய்களும் 60 டிகிரிக்கு மேல் தாங்குவதற்கென்று செய்யப்பட்டவை அல்ல என்பதை நினைவில் வைத்தால், நமக்கு மிஞ்சும் இடைவெளி எவ்வளவு குறுகியது என்பது விளங்கும்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஆர்.டி.எக்ஸ். 4090 கிராபிக்ஸ் கார்டின் மின்வரம்பு 450 வாட். கோர் ஐ9-14900கே ப்ராசஸரின் உச்ச வரம்பு 253 வாட். இரண்டும் சேர்ந்து 700 வாட்டைத் தாண்டுகின்றன. விளையாட்டுகளில் இரண்டும் ஒருசேர உச்சத்தில் நிற்பது அரிது என்பதால் இரண்டு 360 ரேடியேட்டர்கள், அதாவது ஆறு ஃபேன் பரப்பு, போதும் என்று சொல்லலாம். ஆனால் காணொளித் தொகுப்போ முப்பரிமாண ரெண்டரிங்கோ மணிக்கணக்கில் ஓட்டுபவர் ஏழு, எட்டு ஃபேன் பரப்புக்குக் குறையாமல் திட்டமிடுவது நல்லது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: 700 வாட் என்பது ஒரு சிறிய அறை ஹீட்டருக்கு நிகரான வெப்பம். கதவைச் சாத்திய பத்துக்குப் பத்து அறைக்குள் அது தொடர்ந்து கொட்டினால் அறையே சூடேறும். அறை ஏறிய அளவுக்கு நீரும் ஏறும். சிப்பின் மேல் அமர்ந்து அதன் வெப்பத்தை நீருக்குக் கடத்தும் பிளாக்கை எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. ஜன்னலைத் திறந்து வைப்பதும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று பொருத்துவதும் இங்கே உண்மையான குளிர்விப்புப் பணிகளே.

தடிமன் கூடினால் திறனும் அதே அளவு கூடும் என்று நினைப்பதும் தவறு. 60 மி.மீ. ரேடியேட்டர் 30 மி.மீ. ரேடியேட்டரைப் போல இரு மடங்கு வேலை செய்வதில்லை. முதல் பாதியில் சூடேறிய காற்றுதான் அதன் மறுபாதியைக் கடக்கிறது. இடமிருந்தால் ஒரு தடித்த ரேடியேட்டரைவிட இரண்டு மெல்லிய ரேடியேட்டர்களே மேல். அதேபோல், தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்ட ரேடியேட்டர், காற்றை அழுத்தித் தள்ளக்கூடிய ஃபேன் வேகமாகச் சுற்றினால்தான் பலன் தரும்; சத்தம் குறைவாக வேண்டும் என்பவர் தகடுகள் இடைவெளி விட்டு அமைந்ததைத் தேட வேண்டும்.

கேபினெட் விளம்பரத்தில் ‘360 ரேடியேட்டர் பொருந்தும்’ என்று இருப்பதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. மூன்று ஃபேன்களின் நீளம் 360 மி.மீ. என்றாலும், இரு முனைகளிலும் உள்ள நீர்த்தொட்டிகளைச் சேர்த்தால் ரேடியேட்டரின் நீளம் 400 மி.மீ. அளவுக்கு வந்துவிடும். 30 மி.மீ. ரேடியேட்டரும் 25 மி.மீ. ஃபேனும் சேர்ந்து 55 மி.மீ. ஆழத்தை எடுத்துக்கொள்ளும். மேல்பக்கம் பொருத்தும்போது ரேம் குச்சிகளின் உயரமும், மதர்போர்டின் மேல் விளிம்பில் சொருகும் ப்ராசஸர் மின்கம்பியும் அந்த 55 மி.மீ.யுடன் மோதுகின்றனவா என்று அளந்து பார்த்த பிறகே ஆர்டர் போட வேண்டும்.

செம்பையும் அலுமினியத்தையும் ஒரே நீரில் சேர்ப்பது

எல்லாத் தவறுகளிலும் மிகவும் பொல்லாதது இதுதான், ஏனெனில் பூட்டிய அன்றைக்கு ஒன்றுமே தெரியாது. வாட்டர் பிளாக்குகள் பெரும்பாலும் செம்பாலோ நிக்கல் முலாம் பூசிய செம்பாலோ ஆனவை. தரமான ரேடியேட்டர்களில் தகடுகள் செம்பு; நீர்வழிகளும் முனைத் தொட்டிகளும் செம்பு அல்லது பித்தளை. குழாயை இணைக்கும் ஃபிட்டிங்குகள் முலாமிட்ட பித்தளை. செம்பு, நிக்கல், பித்தளை மூன்றும் மின்வேதி வரிசையில் ஒன்றுக்கொன்று அருகில் இருப்பதால் ஒரே நீரில் சண்டையின்றி வாழும். அலுமினியம் அப்படியல்ல. செம்பின் நியம மின்முனை அழுத்தம் +0.34 வோல்ட், அலுமினியத்தினுடையது −1.66 வோல்ட். இரண்டையும் ஒரே நீரில் வைத்தால் ஏறக்குறைய ஒரு மின்கலத்தையே உருவாக்கி விடுகிறோம்; அதில் கரைந்து போவது அலுமினியம். வழக்கமாக அதன்மேல் இருக்கும் ஆக்சைடு படலம் ஓரளவு காக்கும் என்றாலும், நாள்பட அது குழிகுழியாக அரிக்கப்பட்டு, வெண்மையான கூழ் போன்ற படிவு பிளாக்கின் உள்ளே நீர் ஓடும் மெல்லிய வரிகளுக்குள் போய் அடைத்துக்கொள்கிறது.

எட்டு மாதம் ஓடிய ஓர் அமைப்பை ஒருமுறை நான் திறந்து பார்த்தேன். ‘சிப் முன்பைவிட இருபது டிகிரி கூடுதலாகச் சூடாகிறது, பம்ப் பழுதாகியிருக்கும்’ என்று சொல்லி எடுத்து வந்திருந்தார்கள். பம்ப்பில் ஒரு குறையும் இல்லை. பிளாக்கின் செம்பு வரிகள் பாதிக்கு மேல் வெள்ளைப் படிவால் மூடியிருந்தன. ரேடியேட்டர் மட்டும் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கப்பட்ட அலுமினியம். பிளாக்கைச் சுத்தம் செய்ய முடிந்தது. உள்ளே அரிக்கப்பட்ட ரேடியேட்டரை ஒன்றும் செய்ய முடியவில்லை.

கறுப்பு வண்ணம் பூசிய ரேடியேட்டர் எந்த உலோகம் என்று கண்ணால் சொல்ல இயலாது. காந்தமும் உதவாது, ஏனெனில் செம்பு, பித்தளை, அலுமினியம் மூன்றுமே காந்தத்தில் ஒட்டுவதில்லை. தயாரிப்பாளரின் விவரத்தாளில் தகடு, நீர்வழி, தொட்டி ஆகிய மூன்றும் எந்த உலோகம் என்று தனித்தனியே எழுதியிருந்தால் மட்டுமே வாங்குங்கள். கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் எடை காட்டிக்கொடுக்கும்: அலுமினியத்தின் அடர்த்தி செம்பின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஏ.ஐ.ஓ. வகையில் அலுமினிய ரேடியேட்டரும் செம்புத் தகடும் சேர்ந்துதானே வருகின்றன என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் அவை அரிமானத் தடுப்புப் பொருள் சரியான அளவில் கலந்த திரவத்துடன் மூடி முத்திரையிடப்பட்டவை, சில ஆண்டு ஆயுளைக் கணக்கிட்டே செய்யப்பட்டவை. நாம் அடிக்கடி திறந்து நீர் மாற்றும் அமைப்புக்கு அந்த நியாயம் செல்லாது. பழைய கார் ஹீட்டரின் ரேடியேட்டரைப் பயன்படுத்தலாம் என்ற யோசனையும் செம்பு, பித்தளையால் அவை செய்யப்பட்ட காலத்தைச் சேர்ந்தது. இன்றைய வாகனங்களில் பெரும்பாலும் அலுமினியமே.

எந்த நீர்?

வீட்டு ஆர்.ஓ. நீரும் கேன் தண்ணீரும் குடிக்கத்தான் ஏற்றவை. ஆர்.ஓ. கருவி உப்புகளை முழுமையாக நீக்குவதில்லை. சுவைக்காகச் சிறிது உப்பைத் திரும்பச் சேர்க்கும் டி.டி.எஸ். கன்ட்ரோலரும் பல கருவிகளில் உண்டு. வேண்டியது காய்ச்சி வடித்த நீர், அல்லது கணினிக்கென்றே விற்கப்படும் குளிர்விப்புத் திரவமான கூலன்ட். பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி வாட்டர் பெயரளவில் அதுவே என்றாலும் தரம் ஒரே சீராக இருப்பதில்லை. ஆய்வகங்களுக்கு விற்கும் கடையில் வாங்குவது பாதுகாப்பானது. வெறும் வடிநீரை மட்டும் நிரப்பினால் சில மாதங்களில் பாசியும் நுண்ணுயிரும் வளரும் என்பதால், உயிர்க்கொல்லியும் அரிமானத் தடுப்பும் கலந்த செறிவுத் திரவத்தைத் தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தில் சேர்க்க வேண்டும். வாகனங்களுக்கான கூலன்ட்டை இதற்கு ஊற்றுவதை நான் ஏற்பதில்லை: அதில் பெரும்பாலும் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் அது கசிந்து தரையில் தேங்குவதை நினைத்துப் பாருங்கள்.

வடிநீர் மின்சாரத்தைக் கடத்தாது, எனவே கசிந்தாலும் கவலையில்லை என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. புட்டியில் இருக்கும்வரை அது ஓரளவு உண்மை. உலோகப் பரப்புகளின் ஊடே சுற்றத் தொடங்கியதும் அயனிகள் நீரில் கலந்துவிடுகின்றன. பிறகு அது மின்கடத்தும் நீர்தான். பால் போன்ற, ஒளிபுகாத வண்ணக் கூலன்ட்டுகள் படத்தில் மிக அழகாகத் தெரியும். அந்த நிறம் நீரில் கரைந்ததல்ல, மிதக்கும் நுண்துகள். கணினியைப் பல நாள் நிறுத்தி வைத்தால் அது படியும், பிரியும். தினசரி வேலைக்கான கணினிக்கு நிறமற்ற திரவத்தையே பரிந்துரைப்பேன்.

சிப்பின் பெயரைப் பார்த்து கிராபிக்ஸ் பிளாக் வாங்குவது

கிராபிக்ஸ் கார்டை முழுதாக மூடும் பிளாக், சிப்புக்காக அல்ல, சர்க்யூட் போர்டுக்காகவே செதுக்கப்படுகிறது. ஒரே ஆர்.டி.எக்ஸ். 4090 சிப்பை வைத்துப் பல நிறுவனங்கள் பல வடிவப் போர்டுகளைச் செய்திருக்கின்றன; கெபாசிட்டர் ஒன்று சில மில்லிமீட்டர் தள்ளி நின்றாலே பிளாக் சிப்பில் அமராது. கார்டின் முழு மாடல் எண்ணை, பதிப்பு எண் இருந்தால் அதையும் சேர்த்து, பிளாக் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் தேடிப் பார்க்க வேண்டும். சிப்பை மட்டும் தொடும் சிறு பிளாக்கைத் தேர்ந்தெடுத்தால் நினைவகச் சிப்புகளுக்கும் மின்வழங்கல் பகுதிக்கும் வேறு வழி செய்தாக வேண்டும். நினைவகச் சிப்புகளின் மேல் வைக்கும் வெப்பங்கடத்தும் பட்டையான தெர்மல் பேடின் தடிமனைத் தோராயமாக வாங்காதீர்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலே சிப்புக்கும் பிளாக்குக்கும் நடுவே இடைவெளி விழும். ப்ராசஸர் பிளாக்கில் இத்தனை சிக்கல் இல்லை. இன்டெல் ப்ராசஸர் சொருகும் எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட்டுக்கான பூட்டுத்துளை அமைப்பே அடுத்து வந்த 1851-க்கும் தொடர்கிறது.

குழாயும் ஃபிட்டிங்கும்

பிளாக், பம்ப், ரேடியேட்டர் ஆகியவற்றின் துளைகள் பெரும்பாலும் ஜி 1/4 என்ற ஒரே மரை அளவில் இருப்பதால், எந்த ஃபிட்டிங்கும் எந்தக் குழாய்க்கும் பொருந்தும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். மரை இருக்கும் பக்கம்தான் பொது. குழாய் இருக்கும் பக்கம் அல்ல. மென்குழாயில் உள்விட்டம் 10 மி.மீ., வெளிவிட்டம் 13 மி.மீ. என்று ஒரு வகை. 10, 16 என்று இன்னொரு வகை. உள்விட்டம் ஒன்றே என்பதால் குழாய் ஏறிவிடும். ஆனால் இறுக்கும் வளையம் ஒன்றில் நுழையாது, மற்றொன்றில் பிடிக்காது. கடினக் குழாயில் 12, 14, 16 மி.மீ. வெளிவிட்டங்கள் உள்ளன, இவற்றையும் கலக்க முடியாது.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் ஒளிபுகும் டியூப் ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும். அதில் மென்மைக்காகச் சேர்க்கப்பட்ட பிளாஸ்டிசைசர் வெதுவெதுப்பான நீரில் மெல்லக் கசிந்து, பசை போல பிளாக்கின் வரிகளில் படியும். முதல்முறை செய்பவருக்கு கறுப்பு இ.பி.டி.எம். ரப்பர் குழாயைச் சொல்வேன்: நிறம் மாறாது, இந்தப் படிவு வராது, வளைத்து வெட்டக் கத்தி ஒன்று போதும். கடினக் குழாய்தான் வேண்டும் என்றால், நம் வெயிலுக்கு பி.ஈ.டி.ஜி. பிளாஸ்டிக்கைவிட அக்ரிலிக் கூடுதல் வெப்பம் தாங்கும் என்பதைக் கவனியுங்கள். வளைத்துப் பழகுவதற்கென்று இரண்டு மீட்டர் அதிகமாக வாங்குவதும் வீணல்ல.

பம்ப்பை மதர்போர்டில் சொருகுவது

டி5, டி.டி.சி. என்ற இரண்டு வகைப் பம்ப்புகளே பெரும்பாலும் கிடைக்கின்றன. வீட்டு அமைப்புக்கு இரண்டுமே போதுமானவை. சத்தமும் சூடும் குறைவு என்பதால் இடமிருந்தால் டி5, சிறிய கேபினெட் என்றால் டி.டி.சி. தவறு நடப்பது மின் இணைப்பில். டி5 முழு வேகத்தில் 23 வாட் வரை எடுக்கும். மதர்போர்டின் சாதாரண ஃபேன் இணைப்பு ஒரு ஆம்பியர், அதாவது 12 வாட் மட்டுமே தரும். பம்ப்பின் மின்சாரம் நேரடியாகக் கணினியின் மின்வழங்கியான எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வர வேண்டும். வேகத்தைச் சொல்லும் கம்பியை மட்டும் மதர்போர்டில் சொருகி, பம்ப் நின்றால் எச்சரிக்கை வருமாறு மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் அமைக்க வேண்டும். பம்ப் ரிசர்வாயருக்குக் கீழே இருப்பதும் அவசியம், ஏனெனில் உள்ளே ஓடும் நீர்தான் அதற்கு உயவு. வறண்டு சுற்றினால் கெடும்.

முதலில் ப்ராசஸரா கிராபிக்ஸா, நடுவில் ரேடியேட்டரா என்ற வரிசைக்காகச் சுற்றி வளைத்துக் குழாய் போடுவது தேவையற்றது. நிமிடத்துக்கு 4 லிட்டர் நீர் ஓடும்போது 600 வாட் வெப்பம் அதில் ஏறினால், நுழையும் நீருக்கும் வெளிவரும் நீருக்கும் இடையே வேறுபாடு சுமார் 2 டிகிரிதான். குழாய் எந்த வழியில் நீளம் குறைவாகப் போகிறதோ அதுவே சரியான வரிசை.

பட்டியலில் விடுபடுபவை

மூன்று சிறு பொருள்களை ஏறக்குறைய எல்லோரும் மறக்கிறார்கள். முதலாவது, ஜி 1/4 துளையில் பொருந்தும் நீர்வெப்பநிலை சென்சார்; ஃபேன் வேகத்தைச் சிப்பின் வெப்பநிலைக்கேற்ப மாற்றினால் ஒவ்வொரு விநாடியும் ஏறி இறங்கி இரையும், நீரின் வெப்பநிலைக்கேற்ப மாற்றினால் சீராக ஓடும். இரண்டாவது, 24 பின் இணைப்பில் மாட்டி, மதர்போர்டுக்கு மின்சாரம் போகாமலே எஸ்.எம்.பி.எஸ்.ஸை இயக்கும் ஜம்பர். இது இருந்தால் மற்ற எல்லா மின் இணைப்புகளையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு மூட்டின் கீழும் டிஷ்யூ தாள் வைத்து, பம்ப்பை மட்டும் ஒரு நாள் முழுதும் ஓடவிட்டுக் கசிவு பார்க்கலாம். மூன்றாவது, சுற்றின் மிகத் தாழ்ந்த இடத்தில் மூன்று வழிகள் உள்ள ஒரு டி-ஃபிட்டிங்கும், நீரை வடிக்கத் திறந்து மூடும் ஒரு பால் வால்வும் (பந்து வால்வு). அது இல்லாத அமைப்பில் ஆண்டுக்கொரு முறை நீர் மாற்ற வேண்டி வரும்போது, முழுக் கேபினெட்டையும் தூக்கிச் சாய்த்து, கிராபிக்ஸ் கார்டின் மேல் சொட்டாமல் ஏதோ ஒரு குழாயைக் கழற்ற வேண்டியிருக்கும். நீர் நிரப்பிய பிறகு அந்த வால்வைச் சேர்க்க வழியில்லை என்பதால், முதல் ஆர்டரிலேயே அதை எழுதிவிடுங்கள்.