மப்பா, லோ சுகரா? கஞ்சா தொடும் சுகர்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு இரண்டு மணி. பாம்பனிலிருந்து போன விசைப்படகு ஒன்றில் வலை இறக்கியாகிவிட்டது. ஐஸ் பெட்டி ஓரம் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். சட்டை வியர்வையில் ஊறியிருக்கிறது, கை நடுங்குகிறது, கேட்டதற்கும் சொல்வதற்கும் சம்பந்தம் இல்லை. அரை மணிக்கு முன்னால் பீடித்தூளோடு கஞ்சாவைக் கலந்து அவர் இழுத்ததை எல்லாரும் பார்த்தார்கள். "அண்ணனுக்கு மப்பு ஏறிருச்சு, படுக்க விடுங்கடா" என்று சொல்லி, ஒரு சாக்கைப் போர்த்திவிட்டு வேலைக்குத் திரும்புகிறார்கள்.

அவர் சாயங்காலம் சுகரைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை போட்டவர். ராத்திரிச் சோற்றைத் தொடவில்லை. அந்த நேரத்தில் அவர் ரத்தத்தில் சர்க்கரை 45 இருந்தாலும் வெளியில் தெரிவது இதே காட்சிதான்.

கஞ்சா சுகரை ஏற்றுமா இறக்குமா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து, உடம்பு கொடுக்கும் எச்சரிக்கையை அது மூடிவிடுவது. கீழே வரும் தவறுகளில் பாதிக்குமேல் அங்கிருந்தே கிளம்புகின்றன.

பார்த்ததுமே 'மப்பு' என்று முடிவு கட்டுவது

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் படபடப்பு, நடுக்கம், வியர்வை, அகோரப் பசி, எரிச்சல், குழப்பம், தூக்கம் எல்லாம் வரும். கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. என்ற சரக்கு என்ன செய்யும்? இழுத்த சில நிமிடத்தில் நாடித்துடிப்பை ஏற்றும். படபடப்பும் பயமும் வரும், பசி கிளம்பும், பேச்சு குழறும், கண் செருகும். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மருத்துவருக்கே கண்ணால் பிரித்துச் சொல்வது கடினம். மற்ற நாளில் "ஏதோ இறங்குற மாதிரி இருக்கு" என்று தானே கண்டுபிடித்துச் சர்க்கரை அள்ளிப் போட்டுக்கொள்பவருக்கும், போதையில் அந்த உணர்வு வராது. வந்தாலும் டப்பாவைத் தேடி எடுக்கும் நிதானம் இருக்காது.

பிரித்துச் சொல்லக் கூடியது குளுக்கோமீட்டர் மட்டும்தான். கடலில் அதற்கும் ஒரு முறை உண்டு. உப்புத் தண்ணீரும் மீன் கசடும் பட்ட விரலில் குத்தினால் எண் தப்பாக வரும். நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்கத் துடைத்து உலர்த்திவிட்டுக் குத்துங்கள். ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியைத் திறந்து போட்டால் கடற்காற்றின் ஈரமே ஸ்ட்ரிப்பைக் கெடுத்துவிடும்.

மீட்டர் இல்லையா? அப்போது லோ சுகர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் 200 இருந்து, நீங்கள் மூன்று ஸ்பூன் சீனி கொடுத்துவிட்டால் அது கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். 45 இருக்கும் ஆளைத் தூங்க விட்டால் விடியும்போது எழுப்ப முடியாமல் போகலாம்.

கொடுக்க வேண்டியது 15 கிராம் சீனி அல்லது குளுக்கோஸ் பவுடர், அதாவது மட்டமாக அள்ளிய மூன்று டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து. 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே என்றால் அதே அளவு திரும்பவும். எண் ஏறிய பிறகு சோறோ பிஸ்கட்டோ கொடுக்க வேண்டும்.

நம் பக்கத்தில் இந்த இடத்தில் இரண்டு பிசகு நடக்கிறது. ஒன்று, கைக்கு வந்த பனங்கற்கண்டை வாயில் அடக்கச் சொல்வது. அது கரைந்து உள்ளே போகும் நேரம் நமக்கு இல்லை. நொறுக்கித் தண்ணீரில் கலக்கினால் சரி. இன்னொன்று, பரோட்டாவையோ தொதல் அல்வாவையோ ஊட்டுவது. எண்ணெயும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பண்டத்தில் இருக்கும் இனிப்பு ரத்தத்துக்குள் மெதுவாகத்தான் இறங்கும்.

ஆள் விழுங்கும் நிலையில் இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கரையில் 108. கடலில் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் போலீசின் 1093. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரை போட்டவருக்கு ஒருமுறை எண் ஏறிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று அர்த்தமில்லை. மாத்திரை உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும், சில மணி நேரத்தில் மறுபடி இறங்கும். ஒரு நாள் முழுக்கக் கண்காணிப்பு தேவைப்படலாம். அதனால் 'தெளிஞ்சிட்டாரே' என்று வலை இழுக்க அனுப்பாமல் கரை திரும்பி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மீன்பாடு போகிறது என்று தயங்குவது புரிகிறது. ஆனாலும் திரும்பத்தான் வேண்டும்.

இதில் சாராயமும் சேர்ந்துவிட்டால் கதை இன்னும் மோசம். கல்லீரல் சாராயத்தைச் சுத்தம் செய்வதில் இறங்கிவிடும், புதிதாகச் சர்க்கரை செய்து ரத்தத்துக்கு விடாது.

வழக்கமான ஊசிக் கணக்கை அப்படியே நம்புவது

சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலின் ஊசி, 'சோறு இத்தனை நேரத்தில் செரித்து ரத்தத்துக்கு வரும்' என்ற கணக்கில்தான் வேலை செய்கிறது. கஞ்சா இரைப்பையின் அசைவை மந்தமாக்கும். ஊசி நேரத்துக்கு வேலையைத் தொடங்கிவிடும், சோறு வந்து சேராது. முதலில் சுகர் இறங்கும், இரண்டு மூன்று மணி கழித்துச் சோறு ஒட்டுமொத்தமாக வந்து 300-ஐத் தொடும். காலையில் எண்ணைப் பார்த்துவிட்டு, 'ஊசி பத்தலை' என்று யூனிட்டைக் கூட்டிவிடுகிறார்கள். அடுத்த இரவு இன்னும் ஆழமாக இறங்குகிறது. பல வருடச் சுகரால் இரைப்பை நரம்பு ஏற்கெனவே தளர்ந்தவர்களுக்கு இது இரட்டிப்புத் தொல்லை.

பிறகு அந்தப் பசி. நள்ளிரவில் சால்னாவோடு நான்கு பரோட்டா என்றால் குறைந்தது 120 கிராம் மாவுச்சத்து. அதற்கான ஊசியும் இல்லை, சாப்பிட்டது எத்தனை என்ற நினைவும் இல்லை. நாக்கு வறள்வதால் ஒரு பாட்டில் கலரும் கூடவே போகும். வாய் வறட்சியும் தாகமும் சுகர் ஏறியதற்கும் அடையாளம் என்பதை அந்த நேரத்தில் யார் யோசிப்பார்கள்?

ஊசி போட்டேனா இல்லையா என்று சந்தேகம் வந்தால் மறுபடி போடாதீர்கள். சுகரைப் பாருங்கள், அடுத்த வேளை வரை பொறுங்கள். போட்ட நேரத்தைப் போடும்போதே போனில் குறித்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. ஊசி மருந்தை ஐஸ் பெட்டிக்குள் ஐஸோடு ஒட்டி வைக்கவும் கூடாது. உறைந்த இன்சுலின் செத்த மருந்து, உருகிய பிறகு பார்க்க நன்றாகத் தெரிந்தாலும்.

மென்று தின்னும் வகையில் வரும் சாக்லேட்டும் உருண்டையும் தனி வம்பு. புகை சில நிமிடத்தில் தலைக்கேறி இரண்டு மூன்று மணியில் இறங்கும். தின்றது ஏறவே அரை மணி முதல் இரண்டு மணி வரை ஆகும். 'ஒண்ணும் பண்ணலையே' என்று இன்னொன்றைத் தின்பார்கள். அப்புறம் ஆறு எட்டு மணி நேரத்துக்கு விடாது. ஒரு வேளைச் சாப்பாடு, ஒரு வேளை மாத்திரை, ஒரு வேளை ஊசி அதில் அடித்துக்கொண்டு போய்விடும்.

வாந்தியைப் பித்தம் என்று விட்டுவிடுவது

பல மாதம், பல வருடம் விடாமல் இழுப்பவர்களில் சிலருக்கு அடக்க முடியாத வாந்தி வரும். வயிறு பிசையும், ஒரு நாளில் பத்து முறைகூட எடுப்பார்கள். வழக்கமான வாந்தி மாத்திரைக்குச் சரியாகக் கேட்காது. விசித்திரமான ஓர் அடையாளம் உண்டு: வெந்நீரில் குளித்தால் கொஞ்ச நேரம் நிற்கும். ராமநாதபுரத்து வெயிலில் ஒருவர் நாளைக்கு நாலு தடவை வெந்நீர் கேட்கிறார் என்றால், அந்த வீட்டுக்காரர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு மருந்து கஞ்சாவை அறவே விடுவதுதான். 'வயித்துக்கு இதமா இருக்கும்' என்று இன்னும் இழுப்பவர்களும் இருக்கிறார்கள், அது மேலும் வாந்தியில்தான் முடியும்.

சுகர்காரருக்கு வாந்தி வந்தால் இன்னொன்றையும் சந்தேகிக்க வேண்டும். இன்சுலின் பற்றாமல் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கி, கீட்டோன் என்ற அமிலம் சேர்ந்து ரத்தம் புளித்துப்போகும் கீட்டோஅசிடோசிஸ். வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக வேகமாக மூச்சு வாங்குவது, மூச்சில் அழுகிய பழ வாடை, மயக்கம். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் டைப் 1 நீரிழிவு (உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை) உள்ள 450 பேரிடம் நடத்தி 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், கஞ்சா தொட்டவர்களுக்கு இந்த ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி-யும் அவர்களுக்கு 8.4%, தொடாதவர்களுக்கு 7.6%. டைப் 1 உள்ளவர்களும் கீட்டோஅசிடோசிஸ் வரக்கூடிய மற்றவர்களும் போதைக்காகக் கஞ்சாவை எந்த வடிவத்திலும் தொடக் கூடாது என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2024-ல் தன் வழிகாட்டுதலில் சேர்த்தது.

மீட்டரில் 180 காட்டுகிறது, அதனால் பயமில்லை என்று நினைப்பது இன்னொரு தவறு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை பெரிதாக ஏறாமலே கீட்டோஅசிடோசிஸ் வரலாம். அந்த மாத்திரை சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடுவதால் மீட்டர் எண் அடங்கியே இருக்கும். உங்கள் மாத்திரை அட்டையின் பின்னால் இந்தப் பெயர் இருக்கிறதா என்று இன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

வாந்தி நாளில் அந்த வகை மாத்திரையையும் மெட்ஃபார்மினையும் நிறுத்திவைப்பது வழக்கம். உங்களுக்கு எப்படி என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்திருங்கள். ஊசி விஷயத்தில் தலைகீழ். 'சாப்பிடவே இல்லையே, ஊசி எதுக்கு' என்று அம்மாக்கள் தடுப்பார்கள். டைப் 1 உள்ளவருக்கு நாள் முழுக்க வேலை செய்யும் ஊசியை நிறுத்தவே கூடாது, பட்டினி கிடந்தாலும். மெடிக்கலில் சிறுநீர்க் கீட்டோன் ஸ்ட்ரிப் கிடைக்கும், வீட்டில் ஒரு டப்பா இருப்பது நல்லது. கீட்டோன் நடுத்தரமாகவோ அதற்கு மேலோ காட்டினாலும், குடித்த தண்ணீர் தங்காவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி. போனதும் கஞ்சா விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

'கஞ்சா சுகரைக் குறைக்குமாம்'

வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தப் பேச்சுக்கு ஒரு மூலம் உண்டு. 2013-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், கஞ்சா பிடிப்பவர்களின் வெறும்வயிற்று இன்சுலின் 16% குறைவாக இருந்தது, இடுப்பும் சிறுத்திருந்தது. அது ஒரு நேரத்தில் எடுத்த அளவு மட்டுமே. கஞ்சாவால்தான் அப்படி ஆனது என்று அது நிறுவவில்லை. ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த வேறோர் ஆய்வு 2015-ல், பிடிப்பவர்களிடம் சுகர் நோய்க்கு முந்தைய கட்டம் (ப்ரீடயாபடீஸ்) கூடுதலாக இருந்ததைக் காட்டியது. 2016-ல் 62 டைப் 2 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், கஞ்சாவில் உள்ள டி.எச்.சி.வி. என்ற ஒரு பொருளை மட்டும் அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கொடுத்தபோது வெறும்வயிற்றுச் சர்க்கரை குறைந்தது உண்மை. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் அளந்து கொடுத்த மருந்து. பொட்டலத்தில் வருவதில் என்ன, எவ்வளவு இருக்கிறது என்பது விற்பவனுக்கே தெரியாது. மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்புவதில் அர்த்தமே இல்லை.

கால் எரிச்சலுக்கு இழுப்பவர்களைக் குறை சொல்ல மனம் வராது. ராத்திரி முழுக்க மிளகாய் அரைத்துப் பூசினமாதிரி எரியும் பாதத்தோடு எப்படித் தூங்குவது? சின்ன அளவிலான ஆய்வுகளில் சில மணி நேரத்துக்கு வலி குறைந்தும் இருக்கிறது. ஆனால் நம்மூரில் கஞ்சாவோடு பீடித்தூளும் சேர்ந்தே போகிறது, புகையிலை பாத ரத்தக்குழாயைச் சுருக்கும். மரத்த காலில் சிப்பி கிழித்ததும் திருக்கை முள் குத்தியதும் போதையில் தெரியாது. மறுநாள் வீங்கிய பிறகுதான் தெரியும். பிரிகபாலின், டுலாக்செட்டின், அமிட்ரிப்டிலின் என எரிச்சலுக்கென்றே மருந்துகள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். கேட்டுத்தான் வாங்க வேண்டும், ஏனென்றால் இவையும் தூக்கம் தருபவை, கஞ்சாவோடு சேர்ந்தால் ஆளைச் சாய்த்துவிடும்.

இதயத்துக்கும் ஒரு வரி. கஞ்சா இழுத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு ஆபத்து ஏறத்தாழ 5 மடங்கு என்று 2001-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. சுகர்காரருக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலேகூட வரலாம், வெறும் வியர்வையும் மூச்சிரைப்புமாக.

மருத்துவரிடம் மறைப்பது, சொல்லாமல் நிறுத்துவது

மறைப்பதற்குக் காரணம் போலீஸ் பயம். 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா பிடிப்பதே குற்றம்தான், 6 மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். ஆனால் நோயாளி சொன்னதை ரகசியமாக வைப்பது மருத்துவரின் தொழில் நெறி. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முழுமையாக முடிக்கும் போதை அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்கும் தருகிறது. கால் ஆபரேஷனுக்குப் போகும்போது மயக்க மருந்து கொடுப்பவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கஞ்சா பழகிய உடம்புக்கு மருந்தின் அளவு மாறும், நாடித்துடிப்பும் தாறுமாறாகும்.

நிறுத்தும்போதும் ஒரு கண்ணி இருக்கிறது. விட்ட ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை தொடங்கும். முதல் வாரம் உச்சம், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கும். தினம் இரவு நாலு பரோட்டாவுக்குச் சரிக்கட்டி வைத்த ஊசி அளவு, இரண்டு இட்லிகூட இறங்காத வாரத்தில் மிக அதிகம். அதனால் விடும் நாளுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து அளவைக் குறைப்பது பற்றிப் பேசுங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம், முதலில் போனில் பேச டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருக்கிறது. கடலுக்குப் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் தோதானது: 61 நாளும் கரையில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில். முதல் இரண்டு வாரம் வெறும்வயிற்றில் ஒருமுறை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை, படுக்கும்போது ஒருமுறை குத்திப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். படுக்கும்போது 100-க்குக் கீழே இருந்தால் ஒரு டம்ளர் பாலோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டுப் படுங்கள், தலைமாட்டில் சீனி டப்பா இருக்கட்டும்.